வில்லுக்கு முடி மாற்றுகிறவர் எங்கே? – கடிதம்

அன்புள்ள சார்,

அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். எக்ஸெல் நன்றாக வரும், கோடிங் ஒரு வரி தெரியாது. எட்டு வருடமாக வயலின் வாசிக்கிறேன். போன வருடம் என் வயலினில் விரிசல் விழுந்தது. அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. இணையத்தில் தேடினால் புது வயலின் விற்கிற கடைகள்தான் வந்தன. இசைக்கருவி பழுது பார்ப்பவர்களுக்கென்றே ஒரு ஆன்லைன் டைரக்டரி தொடங்கினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

ஐந்து மாதமாக இதே நினைப்பு. கோடிங் இல்லாமல் தளம் கட்ட வேர்ட்பிரஸ் நல்லதா, ஏர்டேபிளையும் சாஃப்டரையும் சேர்த்துச் செய்வது நல்லதா என்று வீடியோ பார்த்துப் பார்த்து மண்டை காய்ந்துவிட்டது. லோகோகூடத் தயார். எல்லா இசைக்கருவிகளையும் எல்லா ஊர்களையும் சேர்க்க உத்தேசம். வேறு தளங்களிலிருந்து 2000 பெயர்களை மொத்தமாக எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கிவிடலாமா? கோடிங் தெரியாதவன் இதில் இறங்கலாமா? உண்மையிலேயே பணம் வருமா? நீங்கள் ஒரு காலத்தில் புக் பைண்டர்கள் பட்டியல் நடத்தியதாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று வாரம் தேடியிருக்கிறீர்கள். அந்த நாட்களில் யார் யாரிடம் பேசினீர்கள், யார் முடியாது என்றார்கள், யார் இன்னொருவரைக் கைகாட்டினார்கள் என்பதையெல்லாம் எங்காவது குறித்து வைத்திருக்கிறீர்களா? இருந்தால் உங்கள் டைரக்டரி போன வருடமே தொடங்கிவிட்டது. இல்லையென்றால் லோகோவை மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை இன்று இரவே எழுதிவிடுங்கள்.

கோடிங் பற்றிய கவலையை முதலில் முடித்துவிடலாம். 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளிவந்த முதல் டெலிபோன் டைரக்டரி ஒரே ஒரு தாள்தான். அதில் மொத்தம் 50 பெயர்கள், எண்கள்கூடக் கிடையாது. பெயரைச் சொன்னால் ஆபரேட்டர் இணைப்பு கொடுப்பார். 1995இல் கிரெய்க் நியூமார்க் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற வரிவிளம்பரத் தளம், நண்பர்களுக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சலாகத்தான் பிறந்தது. ஊர் ஊராகப் போய் வேலை செய்பவர்களுக்காகப் பீட்டர் லெவல்ஸ் 2014இல் தொடங்கிய நோமேட் லிஸ்ட், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிட்ட ஒரு கூகுள் ஷீட்டாக இருந்தது. லெவல்ஸுக்குக் கோடிங் நன்றாகவே தெரியும். அவரே ஷீட்டில்தான் தொடங்கினார் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே நீங்களும் ஷீட்டில் தொடங்குங்கள். எக்ஸெல் வரும் என்று எழுதியிருக்கிறீர்களே, அது போதும். பெயர்கள் சேர்ந்து, ஆட்கள் வந்து பார்க்க ஆரம்பித்த பிறகு நீங்கள் சொன்ன இரண்டு வழிகளில் எதில் போனாலும் சரி. ஏர்டேபிளில் தகவலை வைத்து சாஃப்டரில் பக்கமாகக் காட்டுவது சுலபம், ஆனால் பதிவுகள் கூடக்கூட மாதக் கட்டணமும் ஏறும். வேர்ட்பிரஸில் டைரக்டரிக்கென்றே சேர்த்துக்கொள்ளும் பிளக்இன்கள் இருக்கின்றன. செலவு குறைவு, அப்டேட் செய்வதும் பேக்கப் எடுப்பதும் உங்கள் தலையில் விழும். டொமைன், அதாவது தளத்தின் முகவரி, உங்கள் பெயரில் இருக்கட்டும், தகவல் முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் எக்ஸெலில் திறக்கிற சிஎஸ்வி ஃபைலாக வெளியே எடுக்க முடியட்டும். கருவி பற்றி என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. ஐந்து மாத வீடியோக்களிலும் இதைவிட அதிகம் இருந்திருக்காது.

அப்புறம் அந்த 2000 பெயர்கள். வாங்காதீர்கள். இதில் ஒரு வேடிக்கையான வழக்கு உண்டு. அமெரிக்காவின் கேன்சஸில் ரூரல் என்ற டெலிபோன் நிறுவனத்தின் டைரக்டரியிலிருந்து ஃபைஸ்ட் என்ற பதிப்பகம் பெயர்களை எடுத்துத் தன்னுடையதில் போட்டுக்கொண்டது. ரூரல்காரர்கள் விவரமானவர்கள். காப்பியடிப்பவர்களைப் பிடிக்கவென்றே தங்கள் டைரக்டரிக்குள் பொய்ப் பெயர்களைக் கலந்து வைத்திருந்தார்கள். அவற்றில் 4 பெயர்கள் ஃபைஸ்ட் டைரக்டரியிலும் அச்சாகி வந்துவிட்டன! கையும் களவுமாகப் பிடித்தும் 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது ஃபைஸ்ட்தான். பெயர், ஊர், எண் போன்ற வெறும் தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பது தீர்ப்பு. அதை நம்பி நீங்கள் இறங்கிவிட வேண்டாம். ஐரோப்பிய யூனியனில் 1996இல் வந்த சட்டத்தின்படி தகவல் தொகுப்புக்கென்றே தனிப் பாதுகாப்பு இருக்கிறது, அது 15 வருடம் செல்லும். போதாததற்கு, தகவலை அள்ளக்கூடாது என்று பல தளங்கள் தங்கள் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

சட்டம் கிடக்கட்டும். நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் வேறு. என்னுடைய பைண்டர்கள் பட்டியலும் இப்படித்தான் தொடங்கியது. அங்கே இங்கே பொறுக்கிச் சேர்த்து, யாரையும் கேட்காமல், இருநூற்றுச் சொச்சம் பெயர்களைப் போட்டுவிட்டேன். பெருமையாகவும் இருந்தது. ஒருநாள் ஒரு அம்மாள் போன் செய்தார். "எங்க வீட்டுக்காரர் தவறிப்போய் ரெண்டு வருஷம் ஆச்சுங்க. உங்க பட்டியலைப் பார்த்துட்டு இந்த மாசம் மட்டும் மூணு பேர் கூப்பிட்டுட்டாங்க" என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட ஆரம்பித்தேன். முடிக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. கடைசியில் தேறியது 43 பேர். மற்றவர்களில் கடையை மூடியவர்கள் உண்டு, எண் மாறியவர்கள் உண்டு, கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பதோடு சரி என்றவர்கள் உண்டு. அந்த 43க்குப் பிறகுதான் ஆட்கள் அந்தப் பட்டியலை நம்பி மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'கடைசியாகப் பேசிய தேதி' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். நான் செய்ததில் உருப்படியான காரியம் அந்தக் கட்டம்தான்.

எல்லாக் கருவிகளும் எல்லா ஊர்களும் என்ற உத்தேசத்தையும் விட்டுவிடுங்கள். ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபிலோவும் 1994இல் இணையம் முழுவதையும் பட்டியல் போடப் புறப்பட்டார்கள். அதுதான் பிறகு யாஹூ ஆனது. அந்த டைரக்டரி 2014 முடிவில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் கட்டிய டிமாஸ் என்ற இணைய டைரக்டரியும் 2017இல் போயிற்று. எல்லாவற்றையும் தேடித் தருவதற்குத் தேடுபொறி இருக்கிறது. நீங்கள் வயலின் குடும்பத்தோடு நில்லுங்கள், அதிலும் ஒரே வட்டாரத்தில். பியானோ ட்யூனர்களை அந்த உலகம் தெரிந்த யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

ஏன் வயலின் என்றால், தேடுபொறிக்குத் தெரியாத கேள்விகள் உங்களுக்குத் தெரியும். வில்லுக்கு முடி மாற்றுவாரா? (தினமும் வாசிக்கிறவருக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது இது தேவைப்படுமே.) வயலினுக்குள் நிற்கும் ஸவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சி சாய்ந்தால் நிமிர்த்தி வைப்பாரா? தந்திகளைத் தாங்கும் குதிரையைப் புதிதாக மரத்திலிருந்து செதுக்கி வயலினுக்குப் பொருத்துவாரா, கடையில் வாங்கி அப்படியே வைத்துவிடுவாரா? விரிசலை ஒட்ட, பிறகு பிரிக்க முடிகிற விலங்குப் பசையைப் பயன்படுத்துவாரா, கையில் கிடைத்ததைப் பூசிவிடுவாரா? கூரியரில் அனுப்பினால் வாங்கிக்கொள்வாரா? இப்போது கொடுத்தால் எத்தனை வாரம் ஆகும்? பசை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் இருந்தாலே வயலின்காரர்கள் உங்கள் பக்கத்தைப் புக்மார்க் செய்துகொள்வார்கள். இந்தக் கட்டங்கள் எந்தத் தளத்திலும் அள்ளக் கிடைக்காது. போன் போட்டுக் கேட்டால்தான் உண்டு.

தேடுபொறி விஷயமும் இதில்தான் இருக்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஐந்நூறு வெற்றுப் பக்கங்களை உருவாக்கச் சொல்லி உங்களுக்கு யாராவது யோசனை தருவார்கள். தேடலில் முன்னால் வருவதற்காக மட்டுமே மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை ஸ்பேம் என்று கூகுள் 2024 மார்ச்சில் தன் விதிகளில் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. 30 நல்ல பதிவுகளோடு ஒரே பக்கம் இருந்தால் போதும்.

சரி, பணம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். பட்டியலில் இருப்பவர்களிடம் வருடச் சந்தா வாங்கலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நல்ல வயலின் ரிப்பேர்காரருக்கு ஏற்கெனவே இரண்டு மாத வேலை வரிசையில் நிற்கும். இன்னும் ஆட்களை அனுப்புகிறேன், காசு கொடுங்கள் என்றால் அவர் எதற்குக் கொடுக்க வேண்டும்? என் 43 பைண்டர்களில் ஒருவர்கூடத் தரவில்லை. அந்த வேலைக்கான துணியும் அட்டையும் விற்கிற ஒருவர்தான் தாமாகவே கூப்பிட்டு, உங்கள் பக்கத்தில் என் பெயரைப் போட என்ன கேட்பீர்கள் என்றார். தலைகீழாக யோசிக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் பக்கத்துக்கு வருகிற ஆளைத் தேடி இன்னும் யார் யார் அலைகிறார்கள்? தந்தி, வில்லில் தேய்க்கும் ரோசின், வயலின் பெட்டி விற்பவர்கள். பழைய வயலினை விற்க நினைப்பவர்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்து வாடிக்கையாளர் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்காரர்கள். ஒரு வாடிக்கையாளர் வந்தாலே போட்ட காசு திரும்பிவிடும் என்றால் அவர்கள் தயங்க மாட்டார்கள்.

காசு வாங்கினால் அந்தப் பதிவின் மேல் 'விளம்பரம்' என்று போடுங்கள், வரிசையைக் காசுக்கு மாற்றாதீர்கள். இன்னொன்று, முதல் வருடம் யாரிடமும் எதுவும் கேட்காமல் இருக்க முடிந்தால் நல்லது. எத்தனை பேரை அனுப்பினோம் என்று காட்ட ஒரு கணக்கு கையில் இருந்தால்தான் பேரத்தில் உங்கள் குரல் எழும்பும். இதில் வேலையை விடுகிற அளவுக்கு வருமானம் வருமா என்று கேட்டால், வயலின் மட்டும் என்றால் வராது என்றுதான் நினைக்கிறேன். ஹோஸ்டிங் செலவு போக ஒரு பக்க வருமானமாக நிற்கலாம். அது போதாதென்றால் அடிக்கடி தேவைப்படுகிற, பெரிய தொகை புழங்குகிற வேறு துறையைப் பாருங்கள். எந்தத் துறை என்றாலும் உங்களுக்கு உள்ளே ஆள் பழக்கம் இருக்க வேண்டும்.

உங்கள் வயலினைச் சரிசெய்தாரே, அவரிடமிருந்து தொடங்குங்கள். உங்களால் முடியாத வேலை வந்தால் யாரிடம் அனுப்புவீர்கள் என்று அவரைக் கேளுங்கள். அவர் சொல்கிற ஆளிடமும் அதையே கேளுங்கள். பத்துப் பேரைத் தாண்டுவதற்குள் சொன்ன பெயர்களே திரும்பத் திரும்ப வர ஆரம்பிக்கும், உங்கள் வட்டாரம் எவ்வளவு பெரியது என்பதும் தெரிந்துவிடும். ஷீட் 30 பெயரைத் தொட்டதும் இணைப்பை எனக்கு அனுப்புங்கள். என் வீட்டுப் பரணில் ஒரு பழைய வயலின் கிடக்கிறது. தந்தியை முறுக்கும் பிரடை நிற்க மாட்டேன் என்கிறது, எவ்வளவு முறுக்கினாலும் தந்தி தளர்ந்துவிடுகிறது.

அன்புடன்.