பிளசன்டா வலப்பக்கம் இருந்தால் ஆண் குழந்தையா?

கேள்வி: எனக்கு 12 வாரம் நடக்கிறது. ஆறாம் வார ஸ்கேன் படத்தைப் பார்த்த நாத்தனார், "பிளசன்டா வலப்பக்கம் இருக்கு, பையன்தான்" என்கிறார். யூடியூபிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். நம்பலாமா? குழந்தையின் கழுத்தின் பின்புற நீரை அளக்கும் என்டி ஸ்கேனில் உறுதியாகத் தெரியுமா?

பதில்: நம்ப வேண்டாம். கரு, கருப்பைச் சுவரில் எங்கே ஒட்டிக்கொண்டதோ அங்கேதான் பிளசன்டா, அதாவது நஞ்சுக்கொடி, வளரும். ஆண், பெண் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதோடு, வயிற்றின் மேல் கருவியை வைத்து எடுக்கும் குறுக்குவெட்டுப் படத்தில் இடப்பக்கம் தெரிவது வழக்கமாகத் தாயின் வலப்பக்கம். கருவியைத் திருப்பிப் பிடித்தால் இதுவும் மாறிவிடும். ரிப்போர்ட்டில் உள்ள 'ஆன்டீரியர்', 'போஸ்டீரியர்' என்பவை முன்சுவர், பின்சுவர் என்று மட்டுமே சொல்கின்றன. குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டினால் பெண் என்பதும் ஆதாரமில்லாத பேச்சு.

ஆறாம் வாரத்தில் பார்ப்பதற்கே எதுவும் இல்லை. ஆணோ பெண்ணோ, தொடக்கத்தில் இரண்டுக்கும் கால்களுக்கு நடுவே ஒரே மாதிரி சிறு முளைதான் இருக்கும். 11-ஆம் வாரத்தில் அது நீட்டிக்கொண்டிருக்கும் கோணத்தை வைத்துக் கணித்துப் பார்த்த ஆய்வில் ஏறக்குறைய பத்தில் மூன்று தவறாகப் போயின. 12, 13 வாரங்களில் துல்லியம் கூடும் என்பது உண்மை. அப்போதும் குழந்தை சுருண்டு கிடந்தாலோ, தொப்புள்கொடி காலிடுக்கில் வந்துவிட்டாலோ கணிப்பு தவறும்.

ஆனால் இந்தியாவில் இதை ஸ்கேன் டாக்டரிடம் கேட்கவே கூடாது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த வகையிலோ பாலினத்தைத் தெரிவிப்பது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பாலினத் தேர்வுக்காக அணுகும் குடும்பத்தாருக்கும் தண்டனை உண்டு. ஸ்கேனுக்கு முன் நீங்கள் கையெழுத்திடும் 'ஃபார்ம் எஃப்' படிவத்தில், பாலினம் அறிய விரும்பவில்லை என்ற உறுதிமொழி இருக்கும். பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் நம்முடையது. இந்தச் சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. வீட்டில் யாராவது "எங்காவது தெரிந்த இடத்தில் கேட்கலாம்" என்றால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

என்டி ஸ்கேனை மட்டும் தவறவிடாதீர்கள். 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரைதான் அதற்கு நேரம். குழந்தையின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளம் 45 முதல் 84 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல். என்று இருக்கும் அந்த அளவு 61 மி.மீ. என்றால் சுமார் பன்னிரண்டரை வாரம். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களுக்குப் பிரசவத் தேதி கணிக்க இது மிகவும் உதவும். கழுத்தின் பின்புறம் தோலுக்கடியில் உள்ள நீரின் தடிமன் 3.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் மரபணு ஆலோசனையும் இதய ஸ்கேனும் தேவைப்படும். அதற்காகக் குழந்தைக்குக் கட்டாயம் கோளாறு என்று அர்த்தமில்லை. இரட்டைக் குழந்தை என்றால் நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதும் இப்போதுதான் தெளிவாகத் தெரியும். பிறகு கண்டுபிடிப்பது கடினம், கண்காணிப்பு முறையே அதைப் பொறுத்து மாறும்.

குழந்தை புரண்டு படுத்திருந்தால் அளவெடுக்க வராது. "கொஞ்சம் நடந்துட்டு வாங்க" என்பார்கள், பயப்பட வேண்டாம். அன்று முடியாவிட்டால் 13 வாரம் 6 நாளுக்குள் மறுபடி தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள். இதை ஒட்டியே, குரோமோசோம் கோளாறுக்கான வாய்ப்பைக் கணிக்கும் 'டபுள் மார்க்கர்' ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

குடும்பத்தில் ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்), டுஷேன் தசைநலிவு போன்ற, பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் மரபு நோய் யாருக்காவது இருந்தால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். அதற்கான மரபணுப் பரிசோதனையைப் பதிவுபெற்ற மையத்தில் சட்டப்படியே செய்யலாம்.