திரையில் மண் வெட்டுவோர்க்கு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் சிறிய அலுவலகத்தில் மனைகளின் மட்டங்களை இதுவரை சமஉயரக் கோடுகளைக் கையால் திருத்தியே வகுத்து வந்தோம். வெட்டும் நிரப்பும், அதாவது வெட்டியெடுக்கும் மண்ணும் கொட்டி நிரப்பும் மண்ணும், எவ்வளவு என்று உடனுக்குடன் காட்டும் புதிய மென்பொருள்களை இப்போது பலரும் பரிந்துரைக்கிறார்கள். சோதனைக் காலம் முடிவதற்குள் ஒன்றை எடைபோட எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நடந்துகொண்டிருக்கும் பணியிலிருந்து தொடங்க வேண்டாம். அதன் சரியான விடை உங்களுக்கே இன்னும் தெரியாது என்பதால், மென்பொருள் தரும் எண்ணை எதனுடனும் ஒப்பிட முடியாமல், படம் அழகாக இருக்கிறது என்பதை வைத்தே முடிவெடுக்க நேரும். முதலில் விடை தெரிந்த கணக்கு ஒன்றைக் கொடுங்கள். 10.00 மீட்டர் மட்டத்தில் உள்ள சமதளத்தின் மேல், 100 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் கொண்ட மேடை ஒன்றை 10.50 மட்டத்தில் எழுப்பி, நான்கு பக்கமும் 1 மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் அகலம் என்ற சரிவில் தரையோடு சேர்க்கச் சொல்லுங்கள். மேடைக்கு 5,000 கன மீட்டர், பக்கச் சரிவுகளுக்கு 100 கன மீட்டர், மூலைகளுக்கு மிகச் சிறிய ஓர் அளவு. அந்தச் சிறிய அளவுதான் கவனிக்க வேண்டியது. மூலையை வட்டமாகச் சுற்றி இறக்கும் மென்பொருள் 5,100.5-ஐ ஒட்டியும், மடிப்பாக இறக்கும் மென்பொருள் 5,100.7-ஐ ஒட்டியும் விடை தர வேண்டும். நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் கருவியாக இருந்தால், கட்டத்தின் அளவை 5 மீட்டரிலிருந்து 1 மீட்டராகக் குறைத்துப் பாருங்கள். விடை எவ்வளவு நகர்கிறதோ, அந்தக் கருவியின் எண்களை அந்த அளவுக்குத் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும்.

அடுத்து, கட்டி முடித்து ஒரு மழைக்காலமாவது கண்ட பழைய மனை ஒன்றின் அளவைக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை லோடு மண் வெளியே போனது, எந்த மூலையில் தண்ணீர் தேங்கியது என்பதெல்லாம் அதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதே மனையைப் புதிய மென்பொருளில் வடிவமைத்தபின் வாசல்படியின் மட்டத்தை 5 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். நடைபாதையும் வண்டி நிறுத்துமிடமும் வடிகால் விளிம்பும் தாமாகவே பின்தொடர்கின்றனவா, சாலையின் விளிம்பும் வெட்டக் கூடாத மரத்தின் அடிமட்டமும் நகராமல் நிற்கின்றனவா, அல்லது ஒவ்வொரு புள்ளியையும் நீங்களே இழுத்து வைக்க வேண்டியிருக்கிறதா? என்னைக் கேட்டால், வசதிப் பட்டியல் முழுவதையும் விட இந்த ஒரு சோதனைக்கே அதிக மதிப்பெண் தருவேன். விளம்பரக் காணொளிகளில் வெற்று நிலத்தில் முதல் வடிவம் நொடியில் எழுந்துவிடுகிறது. அலுவலகத்தில் நேரத்தைத் தின்பது கட்டடக் கலைஞர் அனுப்பும் ஏழாவது திருத்தம்.

கேள்வி: வெட்டும் நிரப்பும் சமமாகும்படி கணினியே மட்டங்களை அமைத்துத் தருமானால், பொறியாளர் செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

பதில்: நிபந்தனைகளைச் சொல்வது மிச்சம் இருக்கிறது; அதுவே பெரிய வேலை. சிவில் 3டி என்ற கட்டுமானப் பொறியியல் மென்பொருளுடன் இயங்கும் கிரேடிங் ஆப்டிமைசேஷன் போன்ற கருவிகள், பரப்பைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்து, அவற்றின் முனைகளை மேலும் கீழும் நகர்த்தி, நீங்கள் கொடுத்த குறைந்தபட்ச, அதிகபட்சச் சரிவுகளுக்கும் வடிகால் கோடுகளுக்கும் பொருந்தும் வடிவத்தைத் திரும்பத் திரும்பத் தேடுகின்றன. சுவரிலிருந்து தண்ணீர் விலகிப் போக முதல் 3 மீட்டருக்கு 5 சதவீதச் சரிவு, புல்வெளிக்கு 2 சதவீதம், சக்கர நாற்காலி செல்லும் சாய்தளத்துக்கு 12-க்கு 1 என்று நீங்கள் கொடுத்தால்தான் அது மதிக்கும். கொடுக்காத நிபந்தனை அதைப் பொறுத்தவரை இல்லாத நிபந்தனை.

அது காட்டும் ‘சமநிலை’யையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் மட்டத்தை 10 சென்டிமீட்டர் மாற்றினாலே 1,000 கன மீட்டர் மண் கைமாறுகிறது. மேல்மண்ணை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வழித்தெடுத்தால் அதே ஹெக்டேரில் 1,500 கன மீட்டர் சேரும். மக்கு நிறைந்த அந்த மண்ணைக் கட்டடத்தின் அடியில் நிரப்ப முடியாது. அடித்தளத்துக்கும் குழாய்களுக்கும் தோண்டும் மண் பரப்புக் கணக்கில் வருவதே இல்லை. போதாக்குறைக்கு, களிமண் வெட்டியெடுத்ததும் கால் பங்கோ அதற்கு மேலோ பொங்கி, நிரப்பி இறுக்கியபின் முன்பிருந்த பருமனைவிடச் சுருங்கியும் போகலாம்; உடைத்த பாறையோ இறுக்கிய பிறகும் பழைய பருமனுக்குத் திரும்பாது. ஆகவே, திரையில் வெட்டுக்கும் நிரப்புக்கும் உள்ள வேறுபாடு சுழியம் என்று காட்டும் வடிவம் களத்தில் சமநிலையில் இருக்காது. மண் பரிசோதனை அறிக்கையிலிருந்து பொங்கும் விகிதத்தையும் சுருங்கும் விகிதத்தையும் எடுத்து உள்ளிட இடமில்லாத கருவியை மண் கணக்குக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

இன்னொன்று: தானியங்கிக் கருவி தரும் பரப்பு பெரும்பாலும் மெல்லிய அலைகளாக நெளிந்திருக்கும். சரிவு விதிகளுக்கு அது பொருந்தினாலும், சாலையோர விளிம்புக் கல்லான கெர்ப் கல்லைப் பதிப்பவருக்கு நேர்கோடும் ஒரே சீரான சரிவும் வேண்டும். அந்த வடிவத்தை முதல் வரைவாக மட்டும் கொண்டு, விளிம்புக் கோடுகளை நீங்களே நிமிர்த்தி எழுதுங்கள்.

கேள்வி: ட்ரோன் அளவையில் கிடைத்த நிலப்பரப்பு, டோட்டல் ஸ்டேஷன் என்ற தரை அளவைக் கருவியில் எடுத்த மட்டங்களைவிடப் பல பத்து மீட்டர் வேறுபடுகிறது. மென்பொருளில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ட்ரோன் அளவையில் பயன்படும் செயற்கைக்கோள் கருவி தரும் உயரம் பூமியின் கணித நீள்வட்ட வடிவத்திலிருந்து அளக்கப்படுவது; உங்கள் மட்டக்குறியோ சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டியது. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி இடத்துக்கு இடம் மாறி, உலக அளவில் ஏறத்தாழ கழித்தல் 106 மீட்டரிலிருந்து கூட்டல் 85 மீட்டர் வரை போகிறது. இந்த இடைவெளியை இடவாரியாகத் தரும் ஜியாய்டு மாதிரிகளில் சரியானதைத் தேர்ந்து, தரையில் மட்டம் அளந்து குறித்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடு சரிபார்த்தால் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் புதர் அடர்ந்த இடங்களில் அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று உயர்ந்து தெரிந்தால், ஒளிப்படம் செடியின் தலையைத் தரையாக எடுத்துக்கொண்டது என்று பொருள்.

கேள்வி: மாணவனான எனக்கு விலை கொடுத்து வாங்க வழியில்லை. இலவசமாக எதைப் பழகலாம்?

பதில்: க்யூஜிஐஎஸ், கிராஸ் ஜிஐஎஸ் என்ற நிலவரைபட மென்பொருள்கள் இரண்டும் கட்டற்றவை, இலவசமானவை. சரிவு வரைபடம், நீர்ப்பிடிப்பு எல்லை, நீர் ஓடும் திசை ஆகியவற்றை ஆராய அவை தாராளமாகப் போதும். புதிய மட்டங்களை வடிவமைக்க அவை அவ்வளவு வசதியானவை அல்ல; வணிக மென்பொருள்கள் பலவற்றுக்கு மாணவர் உரிமம் உண்டு என்பதால் அதற்கு அவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வடிவமைத்த பரப்பைக் கட்டடக் கலைஞர் பயன்படுத்தும் ரெவிட் என்ற வடிவமைப்பு மென்பொருளின் கோப்புக்கு அனுப்பினால், மேட்டு முகடுகள் தட்டையாகிவிடுகின்றன. ஏன்?

பதில்: நீங்கள் சமஉயரக் கோடுகளை மட்டும் அனுப்பியிருப்பீர்கள். அவற்றிலிருந்து மறுபடி முக்கோணங்களை அமைக்கும்போது, முகட்டிலும் பள்ளத்தின் அடியிலும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளும் ஒரே சமஉயரக் கோட்டின் மேல் விழுகின்றன. அதனால் அங்கே தரை படுத்துவிடுகிறது. முகடு, ஓடை, கெர்ப் விளிம்பு ஆகியவற்றில் சரிவு சட்டென மாறும் இடத்தைக் காட்டும் முறிவுக் கோடுகளையும் உயரப் புள்ளிகளையும் சேர்த்து அனுப்புங்கள். சிவில் மென்பொருள்களுக்கிடையே என்றால் முக்கோணங்களையே சுமந்து செல்லும் லேண்ட்எக்ஸ்எம்எல் வடிவம் சிறந்தது. ரெவிட் 2024 முதல் தரையைக் குறிக்க டோப்போசர்ஃபேஸ் என்ற பழைய வகைக்குப் பதிலாக டோப்போசாலிட் என்ற புதிய வகை வந்துள்ளதால், பழைய கோப்புகளைத் திறந்ததும் மாற்றம் சரியாக நடந்திருக்கிறதா என்று நான்கைந்து இடங்களில் மட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றாவது முகட்டின் மேல் இருக்கட்டும்.