முழங்கால் காயத்துக்குப் பிறகு எதிலும் பிடிப்பில்லை: இது மனச்சோர்வா?

கேள்வியின் சுருக்கம்: கால்பந்து ஆடும்போது முழங்கால் ஜவ்வு, அதாவது ஏசிஎல், கிழிந்து அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. தையல் ஆறிவிட்டது. ஆனால் எதிலும் பிடிப்பில்லை, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. காயத்தால் மனச்சோர்வு வருமா? நீச்சலடித்தால் சரியாகுமா?

வரும். எனக்கு வந்தது. அதே ஜவ்வு, கிட்டத்தட்ட அதே வாரங்கள்.

பத்து வருடம் வாரத்துக்கு ஐந்து நாள் இறகுப்பந்து ஆடியவன் நான். அறுவை முடிந்த முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தேன். வலி இருந்தது, வேளாவேளைக்கு மாத்திரை இருந்தது, பார்க்க ஆட்கள் வந்தார்கள். வலி குறைந்து, வருபவர்களும் நின்ற பிறகுதான் ஆரம்பித்தது. பழக்கத்தில் காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து போக இடமில்லை. எட்டு மணிவரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் இரவு "நாளைக்கு யார் யார் வர்றீங்க?" என்று கேட்பார்கள். அதைப் பார்க்க முடியாமல் குழுவிலிருந்தே வெளியேறினேன். "கால்தானே, உயிரா போச்சு?" என்று வீட்டில் தேற்றினார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அதற்கப்புறம் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

உடற்பயிற்சி நமக்கே தெரியாமல் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் மருந்து. 1999-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு இருந்த, ஐம்பது வயது கடந்த 156 பேரை மூன்று பிரிவாக்கினார்கள்: பயிற்சி மட்டும், மாத்திரை மட்டும், இரண்டும். பதினாறு வார முடிவில் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறார்கள். 2006-இல் வந்த ஒரு ஆய்வில், தவறாமல் பயிற்சி செய்யும் ஆரோக்கியமானவர்களை இரண்டு வாரம் சும்மா இருக்கச் சொன்னார்கள். முதலில் அசதி வந்தது, பின்னாலேயே மனமும் சோர்ந்தது. அவர்களுக்கு அடிகூடப் படவில்லை. நமக்கு அந்த மருந்து ஒரே நாளில் நின்றுபோகிறது. கூடவே ஆட்டத்துக்கென்று சேர்ந்த மனிதர்களும், நாளைத் தாங்கிப்பிடித்த நேர ஒழுங்கும் போய்விடுகின்றன. இத்தனையும் சேர்ந்து போனால் மனம் எப்படித் தாங்கும்?

எனக்கு வழி திறந்தது ஃபிசியோதெரபி அறையில். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, "கீழே அழுத்துங்க" என்றார் அந்த அம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றேன். தொடைத் தசை ஈரத்துணி மாதிரி அப்படியே கிடந்தது. ஒரு துடிப்புகூட இல்லை. "எனக்கு மனசில தெம்பே இல்ல மேடம்" என்றேன். அவர் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: "தெம்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. மூட்டுல வீக்கம் இருந்தா, இந்தத் தசைக்குப் போற கட்டளையை நரம்பு மண்டலமே குறைச்சிடும். வீக்கத்தை வடிய வைக்கணும், தசையை மெல்ல எழுப்பணும். திட்டினா எழாது." பிறகு துண்டைச் சரிசெய்தபடியே, "தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். அங்கேயே அழுதுவிட்டேன். என் மனதையும் நான் அத்தனை நாள் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் சொல்லி மனநல மருத்துவரிடம் போனேன். நீங்களும் போங்கள். எதிலும் நாட்டமின்மையோ வாடிய மனமோ இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் நீடித்தால் அது காட்டவேண்டிய விஷயம். சாகலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலே அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள். ஸ்பெயின் கால்பந்து வீரர் இனியெஸ்டா, 2009-இல் காயங்களும் நண்பரின் மரணமும் சேர்ந்து மனச்சோர்வில் விழுந்ததையும் உளவியல் உதவி பெற்றதையும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அடுத்த ஆண்டு உலகக் கோப்பை இறுதியில் வெற்றி கோல் அடித்தவர் அவர்தான். எனக்கு வாராவாரம் பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருந்தது. சிலருக்கு மாத்திரை தேவைப்படும், அதில் ஒரு குறையும் இல்லை. மேலே சொன்ன ஆய்வைக் காட்டி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஓய்வு முழங்காலுக்குத்தான், உடம்பு முழுவதற்கும் அல்ல. உட்கார்ந்தபடி கைகளுக்கு எடைப் பயிற்சி செய்தேன், நல்ல காலுக்குத் தனியாகச் செய்தேன். முழங்கால் நன்றாக மடங்கத் தொடங்கியதும், நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள். பழைய ஐந்தரை மணிக்கே செய்தேன். அதுதான் அதிகம் உதவியது என்று நினைக்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. மனம் சோர்ந்தவர் ஃபிசியோவைத் தவறவிடுவார், தூக்கம் கெடும், கால் தேறுவதும் தள்ளிப்போகும். அல்லது சோர்வைத் தாங்கமாட்டாமல் ஐந்தாம் மாதமே ஆடப் போய்விடுவார். ஒன்பது மாதத்துக்கு முன்பே களமிறங்கினால் மறுபடி கிழியும் ஆபத்து பல மடங்கு. அந்த அவசரத்துக்கு மட்டும் இடம் கொடுத்துவிடாதீர்கள்.

நீச்சல் கேட்டீர்கள். மருத்துவர் சரி சொன்னால் தாராளமாக இறங்கலாம், முதலில் தண்ணீரில் நடப்பதே போதும். தவளை மாதிரி காலை அகட்டி உதைக்கும் மார்பு நீச்சல் மட்டும் இப்போதைக்கு வேண்டாம், அந்த உதை முழங்காலைத் திருகும். தொடைகளுக்கு நடுவே மிதவை வைத்துக்கொண்டு கையால் மட்டும் நீந்தலாமா என்று உங்கள் ஃபிசியோவிடம் கேளுங்கள். அழுகை வருவதையும் அப்படியே சொல்லிவிடுங்கள்.