படிவத்தில் எழுதலாமா, வேண்டாமா?

கேள்வி:

ஐயா, தென்மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றில் படித்துவிட்டு, அமெரிக்காவில் முனைவர் பட்டம் முடித்து, இங்கேயே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மூன்றாவது வருடம். எச்-1பி விசா. என் ஆய்வு, ஜெட் எஞ்சின்களில் வெப்பம் தாங்கும் பூச்சுகள் பற்றியது.

இரண்டு விஷயங்களில் குழம்பிப்போயிருக்கிறேன். நான் படித்த கல்லூரி என்னை வருகைப் பேராசிரியராகக் கூப்பிடுகிறது. சம்பளம் கிடையாது. ஓர் ஆய்வறையும் இரண்டு ஆய்வு மாணவர்களும் தருவார்கள். "காசே வாங்கப்போவதில்லை, இதைப் போய்ச் சொல்லி ஏன் வம்பை விலைக்கு வாங்குகிறாய்" என்கிறார் கணவர். அடுத்தது, என் ஆய்வகத்தில் இருக்கும் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) ஒருவர் சீனர். கெட்டிக்காரப் பையன். ராணுவ நிதிக்கு ஒரு புரொபோசல் எழுதிக்கொண்டிருக்கிறேன். "அவனை இதில் சேர்க்காதே, குரூப் மீட்டிங்கில் இதைப் பற்றி மூச்சு விடாதே" என்று மூத்த பேராசிரியர் ஒருவர் காதோடு காதாகச் சொன்னார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பையன் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. நாட்டுப் பாதுகாப்பு என்று சொல்லும்போது எதிர்த்தும் பேச முடியவில்லை. என்ன செய்யட்டும்?

– பெயர், ஊர் வேண்டாம்

பதில்:

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு நீட்டி முழக்க ஒன்றுமில்லை. எழுதிவிடுங்கள். அழைப்புக் கடிதம் வந்த அன்றே துறைத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல். அவர் சம்மதம் வந்த பிறகு கல்லூரிக்குப் பதில். அடுத்த நிதி விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு வரி.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசு ஆய்வு நிதி தரும் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் படிவம் காசை மட்டும் கேட்பதில்லை. தன்விவரப் பகுதியில் சம்பளப் பதவி, கௌரவப் பதவி, பகுதிநேரம், தொண்டு எல்லாம் வர வேண்டும். நடப்பிலும் வரவிருப்பதிலும் உள்ள ஆதரவைக் கேட்கும் இன்னொரு படிவமும் உண்டு. அதில் ஆய்வறை, கருவி, உழைக்கும் ஆள் எல்லாமே ஆதரவுக் கணக்கில்தான் சேரும். உங்கள் கல்லூரி தருவது ஓர் அறையையும் இரண்டு மாணவர்களையும். பிற்பாடு யாராவது கிளறினால் சம்பளத்தை விட்டுவிட்டு அந்த இரண்டு மாணவர்களைப் பற்றித்தான் கேட்பார்கள்.

எழுதினால் பதவிக்கு ஆபத்து வருமோ என்ற பயம் இருந்தால், சட்டம் சொல்வதைக் கேளுங்கள். 2022 ஆகஸ்டில் வந்த சிப்ஸ் மற்றும் அறிவியல் சட்டம், சில நாடுகள் நடத்தும் 'திறமையாளர் சேர்ப்பு' ஒப்பந்தங்களில் இருப்பவர்களுக்கு அரசு ஆய்வு நிதி கிடையாது என்கிறது. அந்தச் சட்டம் கவலைக்குரியவை என்று பெயர் சொல்லும் நாடுகள் சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியா. இந்தியா அந்த வரிசையில் இல்லை. நம் அரசே 2017-இல் 'வஜ்ரா' என்று ஒரு திட்டம் போட்டு, வெளிநாட்டில் இருக்கும் விஞ்ஞானிகளை வருடத்தில் சில மாதம் இங்கே வந்து ஆய்வு செய்ய அழைத்தது. போய்ச் செய்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆக, போவது குற்றமில்லை. போவதை மறைத்து அரசுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், அது பொய் வாக்குமூலம். ஐந்து வருடம் வரை சிறைக்கு இடமுள்ள குற்றம்.

சார்லஸ் லீபர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹார்வர்டு வேதியியல் துறைத் தலைவர், நானோ கம்பிகளில் உலகப் பெயர். வூஹான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம், மாதம் 50,000 டாலர் வரை சம்பளம். 2020 ஜனவரியில் கைதானார். அவர் ரகசியம் எதையும் விற்றதாகக் குற்றச்சாட்டே கிடையாது. விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் பொய் சொன்னார், வருமான வரியில் காட்டவில்லை, சீன வங்கிக் கணக்கைச் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் ஆறு குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. முதலிலேயே ஹார்வர்டிடம் போய் நின்றிருந்தால், ஆகக் கூடிப்போனால் "வேண்டாம்" என்று சொல்லியிருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

என் சொந்தக் கதை இதைவிடச் சின்னது, ஆனால் வெட்கம் பெரியது. தொண்ணூறுகளில் எங்கள் கல்லூரிக்கு ஒரு கருவி வாங்கும் குழுவில் இருந்தேன். டெண்டர் போட்ட நிறுவனங்களில் ஒன்றுக்கு அதற்கு முந்தைய கோடையில் நான்கு வகுப்பு எடுத்துப் பணம் வாங்கியிருந்தேன். நினைவில் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. குறைந்த விலை சொன்னவர்களுக்குத்தான் ஆர்டர் போனது, அது நான் வகுப்பு எடுத்த நிறுவனமாகவே அமைந்துவிட்டது. விஷயம் வெளியே வந்தபோது விலைப் பட்டியலை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. "ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார்கள். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். இந்தப் பழமொழியை உங்களிடம் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. அமெரிக்காவின் எம்ஐடியில் கேங் சென் என்ற இயந்திரப் பொறியியல் பேராசிரியருக்கு மடியில் கனமே இல்லை. 2018 நவம்பரில் அமெரிக்க நீதி அமைச்சகம் 'சீன முன்முயற்சி' என்ற பெயரில் வழக்கு வேட்டை தொடங்கியிருந்தது. 2021 ஜனவரி 14 அன்று அவரைக் கைது செய்தார்கள். எரிசக்தித் துறைப் படிவத்தில் சீனத் தொடர்புகளை மறைத்தார் என்பது குற்றச்சாட்டு. அவற்றைச் சொல்ல வேண்டும் என்று அந்தப் படிவம் கேட்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது. ஒரு வருடம் கழித்து, 2022 ஜனவரி 20 அன்று வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதம் அந்த 'முன்முயற்சி'யையே மூடிவிட்டார்கள். எம்ஐடி அவருக்கு வக்கீல் செலவு கொடுத்துக் கூட நின்றது. சக பேராசிரியர்கள் "நாங்கள் எல்லோருமே கேங் சென்தான்" என்று கடிதம் எழுதினார்கள். எல்லாப் பல்கலைக்கழகமும் அப்படி நிற்கும் என்று நம்பி நீங்கள் இருக்க முடியாது. அதனால் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். படிவத்தில் ஒரு கேள்வி புரியவில்லை என்றால் ஆய்வு நிதி அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலும் மின்னஞ்சலில் வரட்டும். ஒரு நகலைப் பல்கலைக்கழகக் கணினிக்கு வெளியேயும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தச் சீன இளைஞர். கடிதத்தில் இரண்டு இடத்தில் 'பையன்' என்று எழுதியிருக்கிறீர்கள். முனைவர் பட்டம் வாங்கியவர் அம்மா அவர். வாஞ்சையில் எழுதினீர்கள் என்று தெரிகிறது. இருந்தாலும், ஒருவரைப் பையன் என்று நினைத்துவிட்டால் அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி முடிவெடுப்பது சுலபமாகிவிடுகிறது.

ஒரே பல்கலைக்கழகத்தில் நடந்த இரண்டு கதைகளைச் சொல்கிறேன். ஊர் நாக்ஸ்வில், டென்னசி.

ஜான் ரீஸ் ராத் அங்கே பிளாஸ்மா இயற்பியல் பேராசிரியர், அமெரிக்கர். ஆளில்லா விமானங்களுக்கான பிளாஸ்மா கருவி பற்றி விமானப் படை நிதியில் நடந்த ஆய்வு அவருடையது. இப்படிப்பட்ட தொழில்நுட்பத்தை அமெரிக்காவுக்குள்ளேயே வெளிநாட்டவரிடம் காட்டினாலும் அது ஏற்றுமதிக் கணக்கில்தான் சேரும்; உரிமம் இல்லாமல் அவர்கள் அதைத் தொடக்கூடாது என்பது ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதி. பல்கலைக்கழகத்தின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலரே அவரை எச்சரித்தார். அவர் கேட்கவில்லை. ஒரு சீன மாணவரையும் ஓர் ஈரானிய மாணவரையும் வேலையில் வைத்துக்கொண்டார். 2006-இல் சீனாவுக்கு விரிவுரைக்குப் போனபோது சம்பந்தப்பட்ட கோப்புகளை லேப்டாப்பில் கொண்டுபோனார். 2008-இல் குற்றவாளி என்று தீர்ப்பு, பிறகு நான்கு வருடச் சிறை. தண்டனை மாணவர்களுக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். வேலி எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் அவர்களை உள்ளே விட்ட பேராசிரியர்தான் சிறைக்குப் போனார்.

இன்னொருவர் அன்மிங் ஹூ. சீனாவில் பிறந்தவர், கனடா குடிமகன், நாக்ஸ்விலில் நானோ பொருள்களில் ஆய்வு. நாசா நிதியில் சீன நிறுவனங்களோடு இருதரப்புக் கூட்டு கூடாது என்று 2011-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு நிபந்தனை போட்டது. ஹூவுக்குப் பெய்ஜிங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேரத் தொடர்பு. அதை மறைத்து நாசாவை ஏமாற்றினார் என்று 2020 பிப்ரவரியில் கைது. பல்கலைக்கழகம் வேலையை விட்டு நீக்கியது. 2021 ஜூனில் நடந்த விசாரணையில் எஃப்பிஐ அதிகாரி கூண்டில் நின்று, ஹூ சீன ராணுவத்துக்கு வேலை பார்ப்பவர் என்று தான் சொன்னது பொய் என ஒப்புக்கொண்டார். ஹூவையும் அவர் மகனையும் ஏறக்குறைய இரண்டு வருடம் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. செப்டம்பரில் நீதிபதி எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுவித்தார். பல்கலைக்கழகம் பிற்பாடு திரும்பச் சேர்த்துக்கொண்டது.

ராத் வழக்கில் முன்கூட்டியே எழுதிவைத்த விதி இருந்தது. எந்த வேலை, யார் தொடக்கூடாது, யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் காகிதத்தில் இருந்தன. ஹூ வழக்கில் முதலில் சந்தேகம் பிறந்தது, அதற்கேற்ற குற்றத்தை அப்புறம் தேடினார்கள். உங்கள் மூத்த பேராசிரியர் காதோடு சொன்னது இதில் எந்த வகை என்று நினைக்கிறீர்கள்?

அவர் சொன்னது தவறாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலையில் அந்த இளைஞர் சேர முடியாமலே போகலாம். ஆனால் அதை முடிவு செய்யக் கேட்கும் முறை வேறு. பனிப்போர் உச்சத்தில், 1985 செப்டம்பரில், ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட ஆணை ஒன்று இருக்கிறது, எண் 189. பல்கலைக்கழகங்களில் நடக்கும் அடிப்படை ஆய்வின் முடிவுகள் இயன்றவரை கட்டுப்பாடில்லாமல் வெளிவர வேண்டும். பாதுகாப்புக்காக ஒன்றை அடக்கி வைத்தே ஆக வேண்டும் என்றால், அதை முறைப்படி ரகசியம் என்று வகைப்படுத்துங்கள். சாரம் இதுதான். சோவியத் பயத்தில் இருந்த ரீகனே அந்த அளவுக்கு வந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். ரகசியம் என்றால் ரகசியம் என்று எழுது, இல்லையென்றால் கதவைத் திறந்து வை. நடுவில் கிசுகிசுவுக்கு அதில் இடமில்லை.

எனவே புரொபோசல் போகும் முன் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போங்கள். நிதி தருபவர் பிரசுரத்துக்கு முன்அனுமதி கேட்கிறாரா? வெளிநாட்டவர் சேரக்கூடாது என்று நிபந்தனை உண்டா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால், வெளியிடப்போகும் ஆய்வுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டிலிருந்து உள்ள விலக்கு உங்களுக்குப் பெரும்பாலும் கிடைத்துவிடும், அவரைத் தள்ளிவைக்க எந்த முகாந்திரமும் இல்லை. ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றால் விலக்கு போயிற்று. ஜெட் எஞ்சின் தகடுகளுக்கான பூச்சு நுட்பங்கள் அமெரிக்க அரசின் வணிகத் துறை வைத்திருக்கும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏற்கனவே இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள்.

இதை உங்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை, அதனால் நான் சொல்கிறேன்: விலக்கு போய்விட்டால் வேலி அவருக்கு மட்டும் இல்லை. நீங்கள் எச்-1பி. கிரீன் கார்டு வரும்வரை இந்த விதிகளின் கண்ணில் நீங்களும் வெளிநாட்டவர். உங்கள் விசாவுக்குப் பல்கலைக்கழகம் போட்ட ஐ-129 மனுவின் ஆறாம் பகுதியைப் பாருங்கள். கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்பத்தை உங்களிடம் காட்ட உரிமம் தேவையா என்று ஆராய்ந்து உறுதி கொடுத்திருப்பார்கள். ராணுவத் தளவாட விதிகளுக்குள் வேலை வந்துவிட்டால், சீனருக்கு அனுமதி மறுப்பதே கொள்கை. இந்தியருக்குக் கேட்டுப் பார்க்கலாம். கேட்காமல் நுழைய உங்களுக்கும் வழியில்லை. உங்கள் சொந்த புரொபோசலின் ஆய்வறைக்குள் நீங்களே போக முடியாத நிலை வரலாம். அந்த மூத்தவர் உங்கள் நல்லதை நினைப்பவர் என்றால் முதலில் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அலுவலகத்தின் பதில் வந்ததும் அந்த இளைஞரைத் தனியே உட்காரவைத்து உள்ளதைச் சொல்லிவிடுங்கள். "இந்த வேலையில் இன்ன விதி இருக்கிறது, அதனால் உங்களைச் சேர்க்க முடியவில்லை, என் மேல் வருத்தம் வரலாம்" என்று. அதோடு நிறுத்தினால் அது வெறும் ஆறுதல். போஸ்ட்டாக்குக்கு ஆய்வுக் கட்டுரைதான் சாப்பாடு. அவர் பெயர் முதலில் வரும்படி தடையில்லாத இன்னொரு வேலையை அன்றைக்கே கையில் கொடுங்கள். குரூப் மீட்டிங்கில் எல்லோருக்கும் அந்த விதியைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்ல வேண்டாம். உங்கள் ஆய்வகத்தில் வேறு வெளிநாட்டு மாணவர்கள் இருந்தால் அவர்களும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

மூத்த பேராசிரியரோடு சண்டைக்குப் போகாதீர்கள், டென்யூர் என்ற நிரந்தரப் பதவிக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது. "அலுவலகத்தில் கேட்டுவிட்டேன் சார், எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

பாதுகாப்பு என்று சொல்லித் தெளிவில்லாமல் வாயை அடைக்கும் இந்த வியாதி அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். 2021 ஜனவரியில் நம் கல்வி அமைச்சகமும், தேசப் பாதுகாப்பு, எல்லைப் பகுதி, "உள்நாட்டு விவகாரம்" தொடர்பான சர்வதேச இணையவழிக் கருத்தரங்குகளுக்கு முன்அனுமதி வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டது. எது உள்நாட்டு விவகாரம் என்று யாருக்கும் விளங்கவில்லை. அறிவியல் அகாதெமிகள் எதிர்த்து எழுதின. பிப்ரவரி முடிவதற்குள் உத்தரவு வாபஸ் ஆனது. அந்த மாதிரி எழுதிக் கேட்ட அகாதெமிகளை எனக்குப் பிடிக்கும். வாயை மூடிக்கொண்டு கருத்தரங்கை ரத்து செய்தவர்களும் இருந்திருப்பார்கள், அவர்கள் கணக்கு எங்கும் பதிவாகாது.

கல்லூரி விஷயத்தில் கடைசியாக ஒன்று. அழைப்புக் கடிதத்தில் வருடத்துக்கு எத்தனை நாள், எந்தத் தலைப்பில் ஆய்வு, முடிவுகளை வெளியிடும் உரிமை யாருக்கு என்பதெல்லாம் தெளிவாக இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். வெறும் பொன்னாடைக் கடிதமாக இருந்தால் அமெரிக்க அலுவலகத்தில் அது உதவாது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, பிரசுரமாகாத பூச்சுச் செய்முறையும் மாதிரித் துண்டுகளும் பெட்டியில் வரக்கூடாது. ஆய்வகத்து லேப்டாப்பை அங்கேயே பூட்டி வைத்துவிட்டு, பயணத்துக்கென்று பல்கலைக்கழகம் இரவல் தரும் வெற்று லேப்டாப் இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் தருகிறார்கள்.