கொண்டைக்கடலை வேரில் முடிச்சே இல்லை, யூரியா போடலாமா?

கேள்வி: உளுந்தும் தட்டைப்பயறும் மாறி மாறி விளைந்த நிலத்தில் முதல்முறையாகக் கொண்டைக்கடலை விதைத்து 35 நாள் ஆகிறது. அடியிலைகள் மஞ்சளாகிச் செடி எழும்பவே இல்லை. உளுந்துக்கு வாங்கி மீந்த ரைசோபியத்தைத்தான் (வேர் முடிச்சுக்குள் இருந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தரும் பாக்டீரியா) விதையில் கலந்தேன். பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சே இல்லை. கடைக்காரர் மூட்டைக் கணக்கில் யூரியா போடச் சொல்கிறார். எவ்வளவு போடலாம்?

பதில்: முதலில் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். நாலைந்து செடியை மண்ணோடு தோண்டி, தண்ணீரில் ஊறவைத்து அலசிப் பாருங்கள். முடிச்சு இருந்தால் நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை.

அப்படியும் இல்லையென்றால், மஞ்சள் அடியிலையில் தொடங்கியிருப்பதால் தழைச்சத்துக் குறைதான். (கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை, அதற்கு யூரியா உதவாது.) ஈரம் இருக்கும்போது கொஞ்சமாக மேலுரம் இடுங்கள், பூக்கும்போது 2 சதவீத யூரியா கரைசல் தெளியுங்கள். மூட்டை மூட்டையாகக் கொட்டினால் தப்பித்தவறி உருவாகும் முடிச்சும் உருவாகாது. மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது செடி ஏன் பாக்டீரியாவுக்குச் சோறு போடப்போகிறது?

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, உளுந்துக்கு வாங்கியது கொண்டைக்கடலைக்கு ஏன் ஆகவில்லை என்பதுதான். உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, துவரை, நிலக்கடலை எல்லாம் பெரும்பாலும் பிராடிரைசோபியம் என்ற வகையோடு ஒத்துப்போகும். கொண்டைக்கடலைக்கு மீசோரைசோபியம் வேண்டும். வேர் கசியும் பொருளை அடையாளம் கண்டு பாக்டீரியா பதில் சமிக்ஞை தரும்; அது பொருந்தினால்தான் வேர் உள்ளே விடும். நுழையும் வழிகூட ஒன்றல்ல: கொண்டைக்கடலையில் வேர்த்தூவி வழியாக, நிலக்கடலையில் பக்கவேர் பிளந்து வரும் இடுக்கு வழியாக.

"பயறு குடும்பம், எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி ஒரே பொட்டலத்தை எல்லாப் பயிருக்கும் விற்கிறார்களே, அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். 19,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள குடும்பம் இது. 2017இல் தாவரவியலாளர்கள் இதை ஆறு துணைக்குடும்பங்களாகப் பிரித்தார்கள். புளியும் மந்தாரையும் சரக்கொன்றையும் இதே குடும்பம்தான், ஆனால் அவற்றின் வேரில் முடிச்சே கிடையாது. வரப்பில் கொன்றை நட்டால் தழைச்சத்து ஏறும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். இன்னொரு பக்கம் மணிலா அகத்தி தண்டிலேயே முடிச்சு வைக்கும்.

அதனால் எந்தப் பயிருக்கு என்று பெயர் போடாத பொட்டலத்தை வாங்காதீர்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள், வெயிலில் கிடந்த சரக்கென்றால் வேண்டாம். பூஞ்சாணக்கொல்லியோடு சேர்த்துக் கலக்கவே கூடாது. அதை முதல்நாளே முடித்துவிட்டு, மறுநாள் ரைசோபியம் கலந்து நிழலில் உலர்த்தி, தாமதிக்காமல் விதையுங்கள். அந்த வயலில் முதல் கொண்டைக்கடலை என்றால் இதில் சோம்பல்படவே கூடாது.