விடியற்காலைப் பந்தியில் மணப்பெண் எங்கே?

கேள்வி: என் மகன் உஸ்பெகிஸ்தானில், சமர்கந்தில் டாக்டருக்குப் படிக்கிறான். நண்பனின் அண்ணன் கல்யாணம் என்று விடியற்காலையில் பிரியாணி சாப்பிடக் கூப்பிட்டார்களாம், போனால் பொண்ணையே காணோமாம்! போன மாதம் பார்த்த ரஷ்யக் கல்யாணத்திலோ கூட்டமே கத்திக் கத்தி ஜோடியை முத்தம் கொடுக்க வைத்ததாம். ஒரே ஊரில் இப்படி இரண்டு விதமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில், அது பிரியாணி இல்லை, பலோவ்: இறைச்சியும் கேரட்டும் சேர்த்துச் சமைக்கிற சோறு. 2016-இல் யுனெஸ்கோ பட்டியலிலேயே ஏறிவிட்ட சமாச்சாரம், பிரியாணி என்றால் உஸ்பெக்காரர்களுக்குக் கோபம் வரும். அந்தக் காலை விருந்து வழக்கமாக ஆண்களுக்கு மட்டும், அதனால்தான் பொண்ணு கண்ணில் படவில்லை. முந்தின நாள் சாயங்காலமே அக்கம்பக்கத்தார் கூடி உட்கார்ந்து, ஊர்க்கதை பேசியபடி மலை மலையாகக் கேரட் நறுக்குவார்கள். அந்தக் கூடலுக்கே 'சப்ஜி துக்ரார்' என்று தனிப் பெயர் உண்டு. (அங்கே 'சப்ஜி' என்றால் காய்கறி இல்லை, கேரட்!)

ரஷ்யர்கள் கத்துவது 'கோர்கோ'. கசக்கிறது என்று அர்த்தம். குடிக்கிற மது கசக்கிறதாம், ஜோடி முத்தம் கொடுத்துத் தித்திப்பாக்க வேண்டுமாம். எத்தனை நொடி நீடிக்கிறது என்று விருந்தாளிகள் ஒன்று, இரண்டு என எண்ணுவார்கள். உஸ்பெக் மணப்பெண்ணோ புகுந்த வீட்டில் தலை நிமிரக் கூச்சப்படுவாள். மறுநாள் காலை 'கெலின் சலோம்' என்று ஒன்று: முகத்திரையோடு நின்று, பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு உறவினருக்கும் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். பெரிய குடும்பமாக இருந்தால், பாவம், அவள் இடுப்பு என்னாவது? ஆனால் அதே பெண் முந்தின இரவு விருந்தில் ரஷ்யப் பெண் மாதிரி வெள்ளை கவுன் போட்டிருந்திருப்பாள், அது அங்கிருந்து வந்த பழக்கம்.

ரொட்டி மட்டும் இரண்டு பக்கமும் உண்டு. உஸ்பெக் நிச்சயதார்த்தத்தில் இரு வீட்டுப் பெரியவர்களும் ரொட்டியைப் பிய்த்தால் பேச்சு முடிந்தது, பின்வாங்க முடியாது. ரஷ்யர்களிடம் மாப்பிள்ளையின் அம்மா ரொட்டியும் உப்பும் ஏந்தி நிற்க, ஜோடிதான் கடிக்கும். யார் பெரிய துண்டாகக் கடிக்கிறாரோ அவர்தான் வீட்டில் பாஸ்! அப்புறம், சோவியத் காலத்துப் பதிவு அலுவலகமான 'சாக்ஸ்' இருவருக்கும் பொது. அந்தச் சான்றிதழைப் பார்க்காமல் இமாம் நிக்காஹ் செய்துவைக்க மாட்டார்.

சரி, மகனிடம் ஒன்று சொல்லி வையுங்கள். காலைப் பலோவில் சாப்பிட்டு, துஆ (பிரார்த்தனை) முடிந்ததும் எழுந்துவிட வேண்டும். வாசலில் அடுத்த பந்தி காத்திருக்கும்.