கையெழுத்துப் போடவா கூப்பிட்டார்கள்?

வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நான் படித்த கல்லூரியில் என்னை அறங்காவலராக இருக்கச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு நான்கு கூட்டம்தான், வந்து உட்கார்ந்தால் போதும் என்கிறார்கள். தொழில் நடத்திப் பழகியவன் நான், கல்வித்துறை பற்றி அதிகம் தெரியாது. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: 'வந்து உட்கார்ந்தால் போதும்' என்று சொன்னவரிடமே முதலில் ஒன்று கேளுங்கள்: கல்லூரிக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, அதற்கு எதை ஈடு வைத்திருக்கிறார்கள்? நேரான பதில் வந்தால் நல்ல இடம். மழுப்பினால், அவர்களுக்கு வேண்டியது உங்கள் கையெழுத்து மட்டும்தான்.

யாரோ ஒருவர் எப்போதோ ஒரு நோக்கத்துக்காக நிலமும் பணமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த நோக்கம் சிதையாமல், இன்று படிக்கிறவர்களுக்கும் இன்னும் பிறக்காதவர்களுக்கும் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதுதான் அறங்காவலரின் வேலை. கல்லூரியின் தலைவரைத் தேர்ந்தெடுப்பது, அவர் வேலையை ஆண்டுதோறும் எடைபோடுவது, தேவைப்பட்டால் மாற்றுவது, வரவு செலவுத் திட்டத்தை அலசி ஒப்புதல் தருவது, நிர்வாகத்தில் யாரும் அறையில் இல்லாமல் தணிக்கையாளரிடம் தனியாகப் பேசுவது, எல்லாம் இதற்காகத்தான். உங்கள் தொழிலுக்கோ உறவினருக்கோ லாபம் தரும் விஷயம் கூட்டத்துக்கு வந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட்டு வெளியே எழுந்து போகவேண்டும். வாக்களிக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் மனம் திறந்து பேசமாட்டார்கள்.

நியூயார்க்கில் பீட்டர் கூப்பர் என்ற தொழிலதிபர் 1859-ல் தொடங்கிய கூப்பர் யூனியன் கல்லூரியின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். நூறாண்டுக்கு மேல் அங்கே இளநிலை மாணவர்கள் கல்விக் கட்டணம் இல்லாமல் படித்தார்கள். 2006-ல் கல்லூரி 17.5 கோடி டாலர் கடன் வாங்கியது. ஈடாக வைத்தது கிரைஸ்லர் கட்டடம் நிற்கும் நிலத்தை, அதாவது கல்லூரிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த சொத்தை. புதுக் கட்டடம் எழுந்தது, அப்புறம் பற்றாக்குறை கழுத்தை நெரித்தது. 2013-ல் இனி கட்டணம் உண்டு என்று அறங்காவலர்கள் அடங்கிய ஆட்சிக்குழு அறிவித்தது, மாணவர்கள் தலைவரின் அலுவலகத்துக்குள் புகுந்து வாரக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார்கள். வழக்கு, மாநில அட்டர்னி ஜெனரலின் விசாரணை எல்லாம் முடிந்து 2015-ல் சமரசம் வந்தது. பத்தாண்டுகளில் பழையபடி முழு இலவசத்துக்குத் திரும்பும் திட்டத்துக்கு 2018-ல் ஒப்புதல் கொடுத்தார்கள். 2006-ல் கடன் தீர்மானம் மேசைக்கு வந்தபோது, "வருமானம் நாம் எதிர்பார்த்தபடி வராவிட்டால் எதிலிருந்து கட்டுவோம்?" என்று ஒவ்வொருவரும் விடாமல் கேட்டிருக்கவேண்டும் என்பதுதான் என் எண்ணம். தொழில் நடத்தியவருக்கு இந்தக் கேள்வி தானாக வரும். கல்வித்துறை தெரியாது என்று நீங்கள் தயங்கவேண்டியதில்லை.

நானும் ஆசிரியர் பிரதிநிதியாக ஓர் ஆட்சிக்குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். ஒரு முறை கூட்டத்துக்கு முந்தின இரவு தடிமனான ஒரு கட்டு வந்தது, காலையில் பத்து நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். அந்தக் கட்டில் பாதியைக்கூட நான் படித்திருக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. கேட்பதற்கு வெட்கமாக இருந்தது, எல்லோருக்கும் புரிந்திருக்கும், நமக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைத்தேன். பிறகு பேசிப் பார்த்தால் பக்கத்தில் இருந்தவர்களும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள்.

ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் கல்லூரியின் நிறுவனப் பத்திரத்தையும் கடைசி மூன்று வருடத் தணிக்கை அறிக்கைகளையும் வாங்கி முழுதாகப் படியுங்கள், காகிதங்கள் ஒரு வாரம் முன்பே கைக்கு வராத எந்தத் தீர்மானத்துக்கும் வாக்களிக்கமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆட்சிக்குழு உறுப்பினர்கள் சிலர் துறைத்தலைவரையே நேரில் கூப்பிட்டு, இந்தப் பாடத்தை எடுத்துவிடுங்கள், இவருக்கு வேலை கொடுங்கள் என்கிறார்கள். அவர்களுக்கு மேல் அதிகாரம் யாருக்கும் இல்லை என்கிறார் முதல்வர். உண்மைதானா?

பதில்: பாதி உண்மை. இறுதி அதிகாரம் ஆட்சிக்குழுவுக்குத்தான், ஆனால் குழுவாகக் கூடி, தீர்மானம் போட்டு, குறிப்பேட்டில் ஏறினால்தான் அது அதிகாரம். கூட்டம் முடிந்து வெளியே வந்த உறுப்பினர் தனி மனிதர், தொலைபேசியில் உத்தரவு போட அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. உங்கள் முதல்வர் இதைச் சொல்லப் பயப்படுகிறார் போலிருக்கிறது.

பாடம், தேர்வு, ஆசிரியர் தகுதி ஆகியவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுடையது. அமெரிக்காவில் பேராசிரியர் சங்கம், கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பு, ஆட்சிக்குழுக்களின் சங்கம் ஆகிய மூன்றும் கலந்து 1966-ல் தந்த அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது: அதில் ஆட்சிக்குழு தலையிட்டு மறுப்பது மிக அரிதாகவும், காரணத்தை ஆசிரியர்களுக்குத் தெரிவித்தும்தான் நடக்கவேண்டும். வேதியியலுக்கு யார் தகுதியானவர் என்று வேதியியல் படித்தவருக்குத்தானே தெரியும்?

அடுத்த முறை அப்படி ஓர் அழைப்பு வந்தால், "எழுத்தில் அனுப்புங்கள் ஐயா, கல்விக்குழுவில் வைக்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தக் கடிதம் வராது.

கேள்வி: நான் மாணவி. ஆட்சிக்குழு திடீரென்று கல்லூரியை மூடிவிட முடியுமா? எங்களைக் கேட்கவே வேண்டாமா?

பதில்: பல இடங்களில் சட்டப்படி முடியும். நடந்தும் இருக்கிறது. வர்ஜீனியாவில் ஸ்வீட் பிரையர் என்ற மகளிர் கல்லூரியை அந்தக் கோடையோடு மூடுவதாக 2015 மார்ச் 3-ம் தேதி அறிவித்தார்கள். மாணவிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் அதுதான் முதல் செய்தி. முன்னாள் மாணவிகள் சும்மா இருக்கவில்லை. பணம் திரட்டினார்கள், நீதிமன்றம் போனார்கள், ஜூன் மாதம் சமரசம் ஏற்பட்டது. அறங்காவலர்களில் பெரும்பாலோர் விலகினார்கள், புதியவர்கள் வந்தார்கள், கல்லூரி இன்றும் நடக்கிறது.

பணக்கஷ்டம் அங்கே பொய் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கஷ்டத்தை முன்கூட்டியே வெளியே சொல்லியிருந்தால் உதவ ஆயிரம் பேர் இருந்தார்கள் என்று பிறகு தெரியவந்ததே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதே மாநிலத்தின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2012 ஜூனில் தலைவர் தெரசா சல்லிவனைப் பதவி விலக வைத்ததும் இப்படித்தான், முழுக் குழுவும் கூடி வெளிப்படையாக வாக்களிக்காமலே. ஆசிரியர்களும் மாணவர்களும் கொதித்தார்கள், இரண்டே வாரத்தில் அதே குழு ஒருமனதாக அவரைத் திரும்ப அமர்த்தியது. ஒருவருடைய சம்பளமோ ஒழுங்கு நடவடிக்கையோ மூடிய கதவுக்குள் பேசப்படலாம், கல்லூரியின் ஆயுள் அப்படிப் பேசப்படக் கூடாது.

உங்கள் கல்லூரியின் நிதி அறிக்கையை மாணவர் பேரவை வழியாகக் கேளுங்கள். ஆட்சிக்குழுவில் மாணவர் இடம் இருந்தால், அதில் உட்காருபவர் கணக்குப் படிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும்.

கேள்வி: பெரிய நன்கொடை கொடுத்தவருக்கு ஆட்சிக்குழுவில் இடம் கொடுப்பது தப்பா?

பதில்: இடம் கொடுக்கலாம். யாரை ஆசிரியராக எடுப்பது, யாரைச் சேர்ப்பது என்பதில் அவருக்குத் தனிச் சொல் கொடுக்கக் கூடாது. நன்கொடைப் பத்திரத்திலேயே இதை எழுதிவிடுங்கள், பிறகு மனவருத்தம் இருக்காது.

கேள்வி: அரசு தன் ஆட்களை ஆட்சிக்குழுவில் நிரப்பினால் தடுக்க வழி உண்டா?

பதில்: சாசனத்தை, அதாவது கல்லூரியை நிறுவியபோது எழுதிய அடிப்படை ஆவணத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியின் 1769-ம் ஆண்டுச் சாசனத்தை நியூ ஹாம்ப்ஷயர் மாநில அரசு 1816-ல் மாற்றி, அறங்காவலர் எண்ணிக்கையை 12-லிருந்து 21 ஆக்கியது. பழையவர்கள் வழக்குப் போட்டார்கள். சாசனம் ஓர் ஒப்பந்தம், அதை அரசு தன் இஷ்டத்துக்குத் திருத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1819-ல் தீர்ப்பளித்தது. அது தனியார் கல்லூரி. அரசுப் பல்கலைக்கழகத்தில் உறுப்பினர்களை அரசு நியமிப்பது சகஜம், அங்கே ஓரளவு காப்பது பதவிக்கால ஏற்பாடுதான்: எல்லோருடைய காலமும் ஒரே நாளில் முடியாமல் வருடத்துக்குச் சிலராக மாறினால், ஒரே ஆட்சி வந்து மொத்தக் குழுவையும் ஒரேயடியாக மாற்றிவிட முடியாது. உங்கள் பல்கலைக்கழகச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.